பாடகர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. புதுக் குரல் வந்ததும் ஏன் இந்தக் கோபம்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. வீடு கம்பத்தில். தினமும் பஸ் ஏறி குமுளிக்குப் போய் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். கோட்டயத்தில் காலேஜ் படித்தபோது ஹாஸ்டல் ரூம்மேட் ஒரு எம்.பி.3 சிடி கொடுத்தாள். அதிலிருந்து லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு என்றால் எனக்கு உயிர். அப்பா தவறிய வருடம் அதன் பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் குரல்தான் என்னை எழுப்பி நிறுத்தியது.

2017 ஜூலையில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது என்னிடம் கைக்குழந்தை இருந்தது. அழக்கூட நேரமில்லை. அந்த ரூம்மேட் 'கேட்டியாடி?' என்று மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினாள். இன்றுவரை நான் பதில் போடவில்லை.

2024 செப்டம்பரில் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெண்ணைப் பாடகியாகச் சேர்த்துக்கொண்டு குழு திரும்பி வந்தது. அன்றிலிருந்து என் நிம்மதி போனது. புதுப் பாட்டைக் கேட்டால் துரோகம் செய்வது போல இருக்கிறது. பழைய பாட்டைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. ராத்திரி ஒரு மணி வரை ரசிகர் குழுக்களில் சண்டை போடுகிறேன். கணவர், "யாரோ ஒரு வெள்ளைக்காரன் செத்ததுக்கு இத்தனை வருஷமா துக்கம் காப்பியா?" என்கிறார். அவருக்குத் தெரியாமல் பழைய ஆல்பங்களின் பெட்டித் தொகுப்பு ஒன்றை வாங்கி பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். போன வாரம் என் எட்டு வயது மகள் எமிலி பாடிய பாட்டை முணுமுணுத்தாள். "நிறுத்துடி" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது கண்ணிலேயே நிற்கிறது. இதற்கு நடுவில், கொஞ்ச நாளாகப் படுத்தால் இரண்டு காதிலும் 'ங்ஙீ' என்று ஓர் இரைச்சல். எனக்கு மனநோயா?

– ஒரு சகோதரி, கம்பம்

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரி,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் இல்லை, துக்கம். நேரத்துக்குத் துக்கப்பட முடியாமல் போனதால் இப்போது கோபமாக வெளிவருகிறது.

நேரில் பார்க்காத ஒருவரோடு நமக்கு உண்டாகும் நெருக்கத்தை டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே விளக்கினார்கள். ரேடியோவிலும் டிவியிலும் தினமும் கேட்கும் ஒரு குரலை மனசு தெரிந்தவர் குரலாகவே சேர்த்துக்கொள்கிறது. உறவு ஒருபக்கமாக இருந்தாலும் அதில் வரும் பாசம் நிஜம். அதிலும் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் மனசில் பதிகிற நினைவுகள் மற்ற வயது நினைவுகளைவிட அழுத்தமாக நிற்கும். உங்களுக்கு அந்த வயதில், அப்பா இல்லாத வீட்டில், துணைக்கு இருந்த குரல் அது. அந்தக் குரல் நின்றபோது அப்பாவின் இழப்பும் சேர்ந்துதான் கிளறப்பட்டிருக்கும்.

நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் துட்டி கேட்க ஆள் வரும், ஒப்பாரி இருக்கும், கருமாதி முடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். உங்கள் துக்கத்துக்குத் துட்டி கேட்க யார் வந்தார்கள்? சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரி இழப்பைப் பற்றி கென்னத் டோக்கா 1989-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அப்படிப்பட்ட துக்கம் கரையாமல் அப்படியே தங்கிவிடும். ரூம்மேட்டுக்குப் பதில் போடாமல் விட்டீர்களே, முதலில் அங்கே போங்கள். மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்கள். "அன்னைக்கு என்னால பேச முடியலடி, இப்பப் பேசலாமா?" என்று கேட்டால் போதும். இதே இழப்பு உள்ள ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது, ஊர் பேர் தெரியாத நூறு பேரோடு ராத்திரி சண்டை போடுவதைவிடப் பல மடங்கு ஆற்றும்.

அடுத்து எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்துப் பார்த்த முறை இது: தொடர்ந்து மூன்று அல்லது நான்கு நாள், தினமும் 15 முதல் 20 நிமிடம், எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல் எழுதுவது. செஸ்டருக்கே எழுதுங்கள். அப்பா போன வருடத்தில் எந்தப் பாட்டு எந்த நேரத்தில் துணை நின்றது என்று எழுதுங்கள். முதல் நாள் எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனமாகும், அது வழக்கம்தான். இரண்டு இடத்தில் பலர் தவறுகிறார்கள். படுக்கையில் உட்கார்ந்து எழுதினால் அதே நினைப்பு தூக்கத்துக்குள் வந்துவிடும். அதனால் பகலில், மேசையில் எழுதுங்கள். முகநூலில் எழுதினால் கீழே கமெண்ட் வரும், சண்டை மறுபடி தொடங்கும். அதனால் நோட்டில் எழுதுங்கள்.

செஸ்டர் போன விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்கொலையில் ஒருவரை இழந்தவர்கள் 'ஏன், முன்னாலேயே தெரிந்திருக்குமா' என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். 'ஒன் மோர் லைட்' ஆல்பம் 2017 மே 19-ல் வந்தது, அவர் ஜூலை 20-ல் போனார். அதனால் ரசிகர்கள் அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு வரியையும் தோண்டுகிறார்கள். அந்தப் பாட்டுகளைப் பலர் சேர்ந்து எழுதினார்கள். அதில் ஒரு மனிதரின் மரணத்துக்குக் காரணம் தேடினால் கிடைக்காது, உங்கள் தூக்கம்தான் போகும். ராத்திரி தனியாக அந்த ஆல்பத்தைக் கேட்பதைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். 'நானும் போய்விட்டால் என்ன' என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். வேலைக்குக் குமுளி போயிருக்கும்போது கேரளத்தின் திசா உதவி எண் 1056-ம் உண்டு.

இப்போது அந்தத் துரோகம் பற்றி. உங்களைப் போன்ற ஆழமான ரசிகைக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் கோபத்தில் மறந்துவிடுகிறது: செஸ்டரும் இந்தக் குழுவுக்கு இரண்டாவதாக வந்தவர்தான். குழுவுக்கு வேறு பெயர் இருந்த காலத்தில் மார்க் வேக்ஃபீல்ட் பாடினார். அவர் விலகிய பிறகு, 1999-ல் அரிசோனாவிலிருந்து செஸ்டர் வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் 'ஹைப்ரிட் தியரி' வெளியானது. தங்களில் ஒருவரை இழந்த குழுக்கள் என்ன செய்ய வேண்டும் என்று ராக் உலகில் எழுதிவைத்த சட்டம் ஏதும் இல்லை. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே ஜூலையில் பிரையன் ஜான்சனின் குரலில் 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது. அதே வருடம் டிரம்மர் ஜான் போனம் இறந்ததும் லெட் செப்பலின் கடையையே மூடிவிட்டது. பாடகர் ஃப்ரெடி மெர்குரியை இழந்த குயீன் குழுவில் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஆடம் லாம்பர்ட்டோடு மேடை ஏறுகிறார்கள், ஜான் டீக்கன் ஒதுங்கிவிட்டார். லிங்கின் பார்க்கிலேயே பழைய டிரம்மர் ராப் போர்டன் திரும்பி வரவில்லை. ஒதுங்கியவர்களும் பாசம் இல்லாமல் ஒதுங்கவில்லை, தொடர்ந்தவர்களும் பாசம் இல்லாமல் தொடரவில்லை. 2017-ஓடு நிறுத்திக்கொள்வது உங்கள் உரிமை. நிறுத்திக்கொண்டும் நீங்கள் முழு ரசிகைதான்.

கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால் வரிசை முக்கியம். செஸ்டர் பாடிய பழைய பாட்டை எமிலி மேடையில் பாடும் வீடியோவில் தொடங்காதீர்கள். அடுத்த சொல் எந்தக் குரலில் வரும் என்று உங்கள் காது முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. வேறு குரல் வந்ததும் ஒவ்வொரு வரியிலும் இழப்பு புதிதாகத் தெரியும். பெரும்பாலான ரசிகர்களின் கோபம் அங்கேதான் பற்றிக்கொள்கிறது. 2024 நவம்பரில் வந்த 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டு, பகலில், இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேளுங்கள். நெஞ்சு அடைத்தால் பாதியில் நிறுத்திவிடலாம். அடுத்த பாட்டுக்கு ஒரு வாரம் போகட்டும்.

அந்தப் பாட்டு எதுவென்று மகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், இன்றைக்கே. "அம்மா உன்கிட்ட கத்துனது தப்பு. நீ பாடுனது நல்லாத்தான் இருந்துச்சு. முன்னாடி பாடுன மாமா செத்துப்போயிட்டாரு, அந்த வருத்தத்துல அம்மா கத்திட்டேன்" என்று மூன்று வாக்கியம் போதும். காரணம் சொல்லாமல் விட்டால், பாட்டுப் பாடுவதே அம்மாவுக்குப் பிடிக்காது என்று குழந்தை முடிவு கட்டிக்கொள்ளும். எப்படி இறந்தார் என்று அவள் கேட்டால் பொய் வேண்டாம். "மனசுல ரொம்ப நாளா பெரிய வியாதி இருந்துச்சு" என்று சொல்லலாம், எட்டு வயதுக்கு அது போதும்.

கணவரை ரசிகராக்க முயல வேண்டாம். உங்கள் துக்கத்தை அவர் கேலி செய்வது வலிக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். ஜூலை 20 சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டும், அப்போது பிள்ளையை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். தெளிவாக, சின்னதாகக் கேட்டால் கிடைக்கும். பீரோவில் இருக்கும் பெட்டியையும் அதே பேச்சில் வெளியே எடுத்துவிடுங்கள், விலையையும் சொல்லிவிடுங்கள். இனி மாதம் இவ்வளவு என்று உங்கள் சம்பளத்தில் ஒரு தொகை ஒதுக்குங்கள். ரசனை எல்லை மீறுவது பெரும்பாலும் ஒளித்துச் செலவழிப்பதில்தான் தொடங்கும்.

ராத்திரிச் சண்டைக்கு அறிவுரை வேலை செய்யாது, ஏற்பாடு வேண்டும். ஒன்பதரைக்கு போனை அடுப்படியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, எழுவதற்கு ஒரு சாதா அலாரம் கடிகாரம் வாங்குங்கள். ரசிகர் குழுக்களின் அறிவிப்புகளை ஒரு மாதம் அணைத்து வையுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தால் நோட்டில் எழுதிவைத்துக் காலையில் படியுங்கள். முதல் சில நாள் கை பரபரக்கும். எந்த நேரத்தில் பதில் வரும் என்று தெரியாத காத்திருப்புதான் அந்தப் பரபரப்பு, விட்டுப் பிடித்தால் அடங்கும்.

காது இரைச்சலைக் கடைசியில் சொன்னாலும் அலட்சியம் வேண்டாம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும் பஸ் சின்ன கியரில் இரையும். அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமைத் தெரியாமலே ஏற்றிவிடுவோம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் நாலு மணி நேரம்தான். ரப்பர் முனை உள்ள இயர்போன் வாங்கி, காதுத் துளையை நன்றாக அடைக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். சிறு இடைவெளி இருந்தாலும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கசிந்துவிடும், கை உடனே வால்யூமுக்குப் போகும். போனில் வால்யூம் உச்ச வரம்பை 60 சதவீதத்தில் பூட்டுங்கள். மலைப்பாதையில் பாட்டே வேண்டாம். படுக்கும்போது ஃபேன் சத்தம் இருக்கட்டும், முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகத்தான் கேட்கும். காதில் எண்ணெய் விடாதீர்கள். இந்த மாதமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். ஒரு காதில் திடீரென்று கேட்காமல் போனால் மறுநாளுக்குக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஆறு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் சரியாகவில்லை, அல்லது பிள்ளையிடம் கோபம் குறையவில்லை என்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், டாக்டரிடம் முதலிலிருந்து சொல்லத் திணற வேண்டியிருக்காது.