காருக்கு ஓபன் ஏர் இன்டேக் போட்டால் இன்ஜின் சூடாகத் தாமதமாகுமா? புகைச் சோதனையில் பாஸ் ஆகுமா?

கேட்டவரிடம் இருப்பது பிஎஸ்6 பெட்ரோல் கார். கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு அலுமினியப் பைப்பும் கூம்பு ஃபில்டரும் வரும் கிட்டை மாட்ட நினைக்கிறார். குளிர்ந்த காற்று உள்ளே போனால் காலையில் இன்ஜின் சூடாக நேரம் பிடிக்குமா, புகைச் சான்றிதழுக்குச் சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். 1.2 லிட்டர் இன்ஜின் ஐடிலிங்கில் நொடிக்கு சுமார் 2 முதல் 3 கிராம் காற்றைத்தான் இழுக்கும். அது 20 டிகிரி குளிர்ச்சியாக வந்தாலும் இழப்பு 50 வாட் அளவுதான். அதே ஐடிலிங்கில் மணிக்கு 0.7 லிட்டர் பெட்ரோல் எரிகிறது என்று வையுங்கள். அது 6 கிலோவாட் வெப்பம். அதில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டுக்கும் உலோகத்துக்கும் போனாலே 2,000 வாட். அதன் பக்கத்தில் 50 வாட் எம்மாத்திரம்? இரவு முழுக்க நின்ற வண்டியில் பானட்டுக்குள் இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் ஒரே சூடுதான் என்பதால், அந்த 20 டிகிரி வித்தியாசம்கூட காலையில் கிடையாது. கிட் போட்ட பிறகு டெம்பரேச்சர் முள் ஏறவே மாட்டேன் என்கிறதென்றால் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் பி0128 என்ற கோளாறு எண் வரும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய கார்புரேட்டர் வண்டிகளிலிருந்து. பலவற்றில் ஏர் கிளீனர் மூக்கில் ஒரு மடல் இருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றியுள்ள தகட்டிலிருந்து ஒரு குழாய் வழியாகச் சூடான காற்று அதற்கு வரும். இன்ஜின் சூடாகும்வரை அந்தக் காற்றுதான் உள்ளே போகும். அதைக் கழற்றிவிட்டு ஊட்டி மாதிரி ஈரமும் குளிரும் சேர்ந்த காலையில் ஓட்டினால், கார்புரேட்டர் கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது சூடு இன்னும் இறங்கி, காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும். வண்டி இடறி நிற்கும். சோக்கை இழுத்தே வைத்திருக்க வேண்டிவரும், கார்பன் மோனாக்சைடு ஏறும். அந்த வண்டிகளுக்கு அந்தப் பயம் சரி.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கவனிக்க வேண்டியது வேறு: ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 300 டிகிரி அளவுக்குச் சூடாகும்வரை ஈசியு-வுக்கு, அதாவது இன்ஜினை இயக்கும் கணினிக்கு, கண் கிடையாது. எவ்வளவு காற்று வருகிறது என்ற கணக்கை நம்பித்தான் பெட்ரோலை விடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டும் 250, 300 டிகிரியைத் தொடும்வரை வேலை செய்யாது. அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் ஈசியு ஐடிலிங்கை ஏற்றி, இக்னிஷனைத் தாமதப்படுத்துகிறது. ஒரு டிரைவில் வெளியேறும் ஹைட்ரோகார்பனில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான் போகிறது. காற்றுக் கணக்கு தப்பினால் அந்தத் தப்பு அப்படியே சைலன்சர் வழியாக வெளியே வரும்.

கணக்கு எப்படித் தப்பும்? உங்கள் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்து, அது உட்காரும் குழாயின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கிட் பைப் 66 மில்லிமீட்டர். விட்டம் 10 சதவீதம்தான் கூடியது, ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று 17 சதவீதம் மெதுவாகச் சென்சாரைக் கடக்கும். காற்று குறைவு என்று நினைத்து ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். சூடான பிறகு ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது பெட்ரோல் அளவில் ஈசியு செய்யும் திருத்தத்தை, +20 சதவீதம் அளவுக்கு ஏற்றிச் சமாளிக்கும். எல்லை தாண்டினால் பி0171 என்ற கோளாறு எண்ணைப் போட்டு செக் லைட் எரியும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் கைகொடுப்பது முன்பு கற்றுவைத்த ட்ரிம் மட்டுமே, அதுவும் எல்லா ஈசியு-விலும் அல்ல. கிட் மாட்டும்போது பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலும் அதுவும் அழிந்துவிடும். காலையில் வண்டி குலுங்குவதும், ஒரு சிலிண்டரில் தீப்பிடிக்காமல் எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டுக்குப் போவதும் இதனால்தான். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டராக இருந்து எண்ணெய் அதிகமாகிவிட்டால், சென்சாரின் சூடான கம்பியில் படிந்து இதே கோளாறு மெல்ல மெல்ல வரும்.

நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் இந்தச் சென்சார் இல்லை. மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அவற்றில் பைப் விட்டம் மாறினாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. ஆனால் காற்றின் சூட்டை அளக்கும் ஐஏடி சென்சார் ஏர் பாக்ஸில் தனியாக இருந்தால், அதைப் புதுப் பைப்பில் ரப்பர் கிராமெட் வைத்து இறுக்கமாகப் பொருத்த வேண்டும். டேப் சுற்றி வெளியே தொங்கவிட்டால் பானட் சூட்டைத்தான் அது படிக்கும். சிக்னலில் நிற்கும்போது வெளியே 38 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்றால், மறைப்பில்லாத ஓபன் ஃபில்டர் இழுக்கும் காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். கம்பெனி ஏர் பாக்ஸின் மூக்கு கிரில் பக்கம் நீண்டிருப்பது இதற்காகத்தான். 'கோல்ட் ஏர்' என்று பணம் கொடுத்து வாங்கி சூடான காற்றைக் குடிக்க வைப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

இன்னொரு இடத்தைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வால்வு கவரிலிருந்து விரல் தடிமனில் ஒரு பிரீதர் ஹோஸ் வந்து, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே சேரும். பல கிட்களில் அதற்கு நிப்பிள் இருக்காது. ஹோஸ் முனையில் குட்டி ஃபில்டரைச் செருகி விட்டுவிடுவார்கள். இன்ஜினுக்குள் மறுபடி எரிய வேண்டிய பெட்ரோல் ஆவியும் எண்ணெய்ப் புகையும் நேராகத் தெருவுக்குப் போகும். இரண்டு வாரத்தில் அந்தக் குட்டி ஃபில்டருக்குக் கீழே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். மாசு விதிப்படி இது தனிக் குற்றம், டெயில்பைப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி.

புகைச் சோதனைக்கு வருவோம். பிஎஸ்6 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை இருக்கலாம். 2,500 ஆர்பிஎம்-மில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97 முதல் 1.03 வரை. ஆனால் இது சூடான இன்ஜினில் எடுக்கும் சோதனை. அப்போது ஃப்யூயல் ட்ரிம் எல்லாத் தப்பையும் மூடி மறைத்திருக்கும். வண்டி மாடலுக்கு அரசு அனுமதி கொடுக்கும் சோதனையோ குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்தே அளக்கிறது. ஆகவே சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதால் வண்டி விதிக்குள் இருக்கிறது என்று ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு விதியை மீறினால் 190(2)-இன்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பெட்டியில் 'கார்ப் அப்ரூவ்டு' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது கலிஃபோர்னியா காற்று வள வாரியம் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும் கொடுக்கும் உத்தரவு எண். இங்கே செல்லாது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், ஈசியு-வின் அளவுகளைப் போனில் காட்டும் ஓபிடி டாங்கிள் ஒன்றை வாங்கிப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இக்னிஷனை மட்டும் ஆன் செய்தால் கூலன்ட் சூடும் ஐஏடி சூடும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து 80 டிகிரி வந்ததும் ஷார்ட் ட்ரிம் (அந்த நேரத்துத் திருத்தம்), லாங் ட்ரிம் (கற்றுவைத்த திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் முதலில் ரப்பர் கப்ளரையும் கிளிப்பையும் பாருங்கள். கூட்டல் ஐடிலிங்கில் அதிகமாகவும் 2,500-இல் குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் பைப் விட்டத்தைச் சந்தேகப்படலாம்.

ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்கும் கிட் சென்னை மழைக்கு வேண்டவே வேண்டாம். ஃபில்டர் தண்ணீரில் முழுகினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்க் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதே ஏர் பாக்ஸுக்குள் உட்காரும் பேனல் ஃபில்டர் போதும்: பைப், சென்சார், பிரீதர் ஹோஸ் எதுவும் இடம் மாறாது. கழற்றிய ஏர் பாக்ஸை, அதன் கிளிப், ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் சேர்த்து ஒரு சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். பழையபடி மாட்டச் சொன்னால் தேட வேண்டியிருக்காது.