சீரம் சிவந்தால் கணக்குத் தப்பும்

மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நான்கு கேள்விகள்.

கேள்வி: 2024-இல் புழுவில் கண்ட ஏதோ ஒரு துண்டுக்கு நோபல் பரிசு கொடுத்தார்களே, புழுவுக்கும் நம் நோய்க்கும் என்ன சம்பந்தம்? – மண்டபம் வாசகர்

பதில்: ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின், அதாவது மரபணுக்களின் வேலையைத் தணிக்கும் குட்டி ஆர்.என்.ஏ. துண்டின் வேலையை 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் விளக்கினார்கள். அப்போது அதைப் புழுவின் தனிக்குணம் என்றே பலரும் நினைத்தார்கள். 2000-இல் கண்ட லெட்-7 மனிதர் உட்படப் பல விலங்குகளிலும் இருந்ததால் பேச்சு மாறியது.

மரபணுவின் உத்தரவைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் நீளமாகத்தான் உருவாகிறது. உட்கருவுக்குள் டிரோஷா என்ற நொதி அதைச் சுமார் 70 எழுத்துள்ள கொண்டை ஊசியாக நறுக்கும். வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி 22 எழுத்தாகக் கத்தரிக்கும். ஆர்கோநாட் புரதம் அதை ஏந்திக்கொள்ளும். 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் சீட்டின் வால்பகுதியோடு பொருந்தினாலே பெரும்பாலும் போதும். புரத உற்பத்தி குறையும், சீட்டும் சீக்கிரம் சிதையும். அடியோடு நிறுத்துவது அபூர்வம். நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சம் தணிப்பதுதான் இதன் போக்கு.

கேள்வி: ஹெபடைடிஸ் சி கிருமிக்கு நம் கல்லீரலே துணைபோகிறது என்கிறார்களே, உண்மையா? – தொண்டி வாசகர்

பதில்: உண்மைதான். கல்லீரலில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மிர்-122 என்ற ஒரே வகை. மற்ற சீட்டுகளின் வாலைப் பிடித்து அடக்குகிற இது, இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இழையின் தலைப்பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. தலையை அரித்துத் தின்னும் நொதிகளிடமிருந்து வைரஸுக்கு அதுவே கவசமாகிவிடுகிறது. இந்த உறவு 2005-இல் வெளியானது.

மிர்-122-ஐக் கட்டிப்போடும் மிராவிர்சென் ஊசியை 36 பேரிடம் சோதித்த முடிவு 2013-இல் வந்தது. வாரம் ஒன்றாக ஐந்து ஊசி. வைரஸ் குறைந்தது, ஆனாலும் பலருக்குத் திரும்பியது. அதற்குள் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. இன்றைக்கு வழக்கமான சிகிச்சை 12 வாரம், அரசுத் திட்டத்தில் இலவசம். மிர்-122 அறவே இல்லாத எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, தழும்பேறி, கடைசியில் புற்றுநோயும் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காக மிர்-122 அளக்கிறேன். இங்கே இரத்தம் எடுத்து, மீன் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சீரம் (இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீர்) பிரிக்கிறோம். மிர்-16-ஐ ஒப்பீட்டு அளவாக வைத்தேன். கல்லீரல் கெட்டால் இரத்தத்தில் ஏற வேண்டிய மிர்-122, அப்படிப்பட்டவர்களில் சிலருக்கும் குறைவாக வருகிறது. எங்கே தப்பு? – ராமநாதபுரம் மாணவி

பதில்: அந்தச் சிலரின் சீரம் ரோஸ் நிறமாக இருந்ததா, பாருங்கள். சந்தேகம் ஐஸ் மேல்தான். கடல்நீரோ உப்போ கலந்த மீன் ஐஸ் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போகும். குழாய் அதில் நேராகப் படிந்தால் ஓரத்தில் இரத்தம் உறைந்து சிவப்பணு உடையும். சிவப்பணுவுக்குள் மிர்-16, மிர்-451 இரண்டும் ஏராளம், மிர்-122 சொற்பம். அணு உடைந்தால் மிர்-16 ஏறும், அதோடு ஒப்பிடும் மிர்-122 பொய்யாக இறங்கும். பி.சி.ஆரில் சி.டி. என்பது எத்தனையாவது சுற்றில் துண்டு தென்படுகிறது என்ற எண்; ஒரு சி.டி. வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று என்றால் எட்டு மடங்கு. உங்கள் முடிவைக் கவிழ்க்க இது தாராளம்.

பிரிப்பதை ராமநாதபுரத்திலேயே, இரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். சீரத்தை விட, இரத்தத்தை உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மா நல்லது. ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய்தான் வேண்டும், பச்சை மூடியில் உள்ள ஹெப்பாரின் பி.சி.ஆரையே முடக்கிவிடும். சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக மெதுவாக இறக்குங்கள். 8 முதல் 10 தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்க வேண்டாம். சென்ட்ரிஃபியூஜில் 2,000 ஜி விசை (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு), 10 நிமிடம். மேலே நிற்பதை உறிஞ்சும்போது வெள்ளைப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். பேராசைப்பட்டால் தட்டணுக்களும் கூடவே வரும். எடுத்ததை 10,000 ஜியில் இன்னொரு 10 நிமிடம் சுற்றிப் பங்கு பிரித்து, உலர் ஐஸில் அனுப்புங்கள். அங்கே மைனஸ் 80 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும், சிவப்பணு உடைந்தாலும் அதிகம் மாறாத மிர்-23ஏ சி.டி.யிலிருந்து மிர்-451 சி.டி.யைக் கழியுங்கள். 5க்குள் இருந்தால் நலம். 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள். ஒப்பீட்டுக்கு, புழுவின் மிர்-39ஐச் செயற்கையாகச் செய்து விற்கிறார்கள். நம் உடம்பில் இல்லாதது. அதைச் சிதைப்புக் கரைசல் (நொதிகளை முடக்கி ஆர்.என்.ஏ.வை விடுவிக்கும் கரைசல்) ஊற்றிய பிறகே சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் பிளாஸ்மாவில் உள்ள நொதிகள் அந்த வெறும் ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும். அப்புறம் எல்லா மாதிரியிலும் கணக்கு ஆடும்.

கேள்வி: துபாயிலிருந்து மகன் ஒரு விளம்பரம் அனுப்பினான். ஒரு துளி இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்து எல்லாப் புற்றுநோயையும் சொல்லிவிடுவார்களாம். செய்யலாமா? – கீழக்கரை வாசகர்

பதில்: வேண்டாம். இந்த மாதிரி விளம்பரங்களில் பெயர் அடிபடும் மிர்-21 பல புற்றுநோய்களில் ஏறுவது நிஜம். இதயத் தசை தழும்பேறினாலும், உடம்பில் அழற்சி இருந்தாலும் அதே மிர்-21 ஏறும்; எந்த உறுப்பில் கோளாறு என்று அது சொல்லாது. உங்கள் கவலை கல்லீரல் என்றால் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன். இவை ராமநாதபுரத்திலேயே எடுக்கலாம்.