அந்தப் பித்தளை வால்வு பெட்டியிலேயே இருக்கட்டும், தம்பி

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் மட்டக்களப்புக் கல்லடியில், அம்மா வீட்டு முற்றத்தில் இருந்தேன். மூன்று வார விடுமுறை. நீங்கள் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வீட்டிலேயே பியர் செய்து பார்க்க ஆசைப்பட்டு, 30 லீற்றர் உருக்குப் பானை ஒன்றை நொதிகலனாக்கப் போகிறீர்கள், அதாவது பியர் நொதிக்கும் கலனாக்கப் போகிறீர்கள். மட்டக்களப்பில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன அரை அங்குலப் பித்தளை வால்வை அதற்குப் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூட்டாதீர்கள். இன்று காலை இங்கே ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய், அதே மாதிரி வால்வைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மரை, அதாவது திருகிப் பூட்டும் சுரி. எங்கள் ஊரில் குழாய்ச் சாமான்களுக்கு பிரிட்டிஷ் முறை மரை. கனடாவில் அமெரிக்க முறை. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும். இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போகும், பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. வெள்ளை நாடாவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒருநாள் கசியும். ஊரிலிருந்து வேறு எதைக் கொண்டுவந்தாலும், மரை உள்ள சாமான் மட்டும் வேண்டாம்.

அடுத்தது பித்தளை. அம்மா புளிக்கறியை ஒருநாளும் பித்தளைப் பாத்திரத்தில் வைத்ததில்லை. மண்சட்டியில்தான் வைப்பார். பியரும் புளிப்புள்ளதுதான், இரண்டு வாரம் அசையாமல் கலத்திலேயே கிடக்கும். வால்வு செய்யும் பித்தளையில் நச்சுள்ள ஈயம் (lead) கலந்திருப்பது வழக்கம், புளிப்பில் அது கரைந்து வரும். தண்ணீர் ஓடிப்போகும் குழாய்க்கு அது வேறு கதை. புளித்த பானம் நாட்கணக்கில் ஊறும் இடத்துக்கு 304 தரத் துருப்பிடிக்காத உருக்கே வேண்டும்.

இவை இரண்டையும் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அடுத்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் முதலில் உருக்கில் செய்த பந்து வால்வு ஒன்றைத்தான் வாங்கினேன், உள்ளே துளையுள்ள பந்து திரும்பித் திறந்து மூடும் வால்வு. பிரிக்க முடியாத வகை. முதல் பியர் நன்றாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் புளித்தது. மூன்றாவதையும் நான்காவதையும் அப்படியே வடிகாலில் ஊற்றினேன். பானையைத் தேய்த்தேன், மூடியை மாற்றினேன், மதுவத்தை (ஈஸ்ட்) மாற்றினேன். கடைசியில் நண்பர் ஒருவருடைய பட்டறையில் அந்த வால்வை இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே பந்துக்கும் உடலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பழுப்பு நிறத்தில் களிபோல ஒன்று அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. பந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பியர் அந்த இடைவெளிக்குள் போய் அடைபடுகிறது. வால்வின் வாயில் தண்ணீரை எவ்வளவு பாய்ச்சினாலும் அங்கே போய்ச் சேராது.

சின்ன வயதில் தென்னந்தோட்டத்தில் கள்ளிறக்கும் ஐயா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கள் சேரும் முட்டிப் பானையில் ஒட்டிக்கிடப்பதே அடுத்த கள்ளைப் புளிக்க வைக்கும் என்பார். இனிப்பாக வேண்டுமென்றால் உள்ளே சுண்ணாம்பு பூசுவார். கள்ளுக்கு அந்த ஒட்டல் வேண்டும். பியருக்கு நாம் போடும் மதுவம் மட்டுமே வேண்டும், வேறெதுவும் கூடாது.

ஆகவே வால்வை வாங்கும்போது, இதை முழுவதும் கழற்ற முடியுமா என்று பாருங்கள். மூன்று துண்டாகப் பிரியும் பந்து வால்வு போதும். நான்கு ஆணிகளைக் கழற்றினால் பந்து கையில் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றித் தேய்த்து, பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் வண்ணத்துப்பூச்சி வால்வும் (உள்ளே ஒரு வட்டத் தகடு திரும்பித் திறக்கும் வகை), கவ்வி கொண்டு பூட்டும் இணைப்பும் வாங்குங்கள். அதில் மரையே இல்லை, ஒளிந்துகொள்ள மூலைகளும் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு அங்குல இணைப்புக்கும் ஒன்றரை அங்குல இணைப்புக்கும் வெளி விளிம்பு ஒரே அளவு, 50.5 மில்லிமீற்றர். கவ்வி இரண்டுக்கும் பொருந்தும், நடுவில் வைக்கும் வளையம் பொருந்தாது.

வால்வுக்கான துளையைப் பானையின் அடியிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே போடுங்கள், அடியில் மண்டி படியும். துளை போடவே பயமாக இருந்தால் உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளியும் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் குழாயும் வாங்கி ஒரு வருடம் பழகுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேல் மூடியை ஒருபோதும் இறுக அடைத்துவிடாதீர்கள். 20 லீற்றர் பியர் நொதிக்கும்போது ஏறத்தாழ 400 லீற்றர் காபனீரொட்சைட்டு வெளியேறும். அதற்கு வழி விடவில்லையென்றால் பானை வெடிக்கலாம். மூடியில் ஒரு குழாயைப் பூட்டி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கள். முதல் மூன்று நாள் நுரை பொங்கும், மேலே கால்வாசியாவது வெறுமையாக இருக்கட்டும். உங்கள் நிலக்கீழ் அறையின் குளிர் இதற்கு நல்லது. 18 முதல் 20 பாகை வெப்பம் இங்கே கல்லடியில் எங்கே கிடைக்கும்?

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். சொந்தப் பாவனைக்குப் பியர் செய்ய கனடாவில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்கக்கூடாது, சாராயம் வடிக்கக்கூடாது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புளித்த மணம் மேலே போகும்.

பூட்டி முடித்ததும் தண்ணீரை நிரப்பி, வால்வின் கீழே காய்ந்த கடதாசியை விரித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் கடதாசி நனையாமல் இருந்தால் மட்டுமே பியரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் பானைச் சுவரின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து எனக்கு எழுதுங்கள். எந்த வாஷர் வாங்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.