ஐஸ் மூடிய ஏரியில் ஒரு வழிகாட்டி: கேள்வி பதில்

நான் இருப்பது கனடாவில், ஒன்ராறியோவின் வடமேற்குப் பகுதியில், கெனோராவில். வாசலில் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரி. மே முதல் அக்டோபர் வரை ஆட்களைப் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போவேன். மற்ற மாதங்களில் விறகு பிளப்பேன், எழுதுவேன். குளிர்காலம் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, ஏரி உறைந்துவிட்டால் வேலையில்லையே. சும்மாதானே இருப்பீர்கள்?

சும்மா இருக்க அடுப்பு விடாது. மைனஸ் முப்பதில் விறகு பிளப்பது மட்டும் சுகம். நனைந்த பர்ச் மரக் கட்டைகூட கோடாலி பட்டதும் கண்ணாடி மாதிரிப் பிளக்கும். டிசம்பர் கடைசியில் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுதான் அதிகம். அதில் பாதி எழுத்துக்கு, பாதி ஏரிக்கு.

எத்தனை அங்குல ஐஸ் இருந்தால் நடக்கலாம்?

தெளிவான, கருநீல ஐஸ் என்றால் ஆள் நடக்க 4 அங்குலம். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 5 முதல் 7. பிக்கப் டிரக் ஏற்ற ஓர் அடிக்கு மேல் வேண்டும். வெள்ளையாகத் தெரிவது பனி கலந்து உறைந்தது. அதன் பலம் பாதிதான், அதனால் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த எண்களை நம்பி மட்டும் இறங்காதீர்கள். இந்த ஏரியில் 14,000-க்கு மேல் தீவுகள். இரண்டு தீவுகளுக்கு நடுவே நீர் நெருக்கி ஓடும் இடத்தில் ஐஸ் தடிக்காது. இங்கே ஓர் அடி இருக்கும், இருபது எட்டு நடந்தால் இரண்டு அங்குலம்தான் இருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் சீசன் தொடக்கத்தில் கையில் கடப்பாரை இல்லாமல் நான் போவதில்லை. நாலு எட்டுக்கு ஒரு குத்து. நல்ல ஐஸ் ‘டங்’ என்று கையை உதறும். ‘சொத்’ என்றால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுவேன். கழுத்தில் கயிறு கட்டிய இரண்டு கூர் ஆணிகள் தொங்கும். விழுந்தால் வழுக்கும் விளிம்பில் குத்தி ஏறுவதற்கு.

ராத்திரியில் ஏரி உறுமுமாமே, உடைகிறதா?

உடையவில்லை. குளிர் ஏறி இறங்கும்போது ஐஸ் சுருங்கி விரியும், நீளவாக்கில் வெடிப்பு ஓடும். அந்தச் சத்தம் ஒரு கரையில் தொடங்கிக் காலுக்கடியில் போய் மறுகரையில் முடியும். முதல் வருடம் நான் குப்புறப் படுத்து, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். பக்கத்துக் குடிலில் இருந்த கிழவர் காபியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

மீன் ஏன் உறைந்து சாவதில்லை?

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். அது அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நிற்கும். மீனுக்கு மேலே கூரை, கீழே 4 டிகிரி. என் வீட்டுக் குழாய் உறைந்த அன்று பொறாமையாகத்தான் இருந்தது.

இத்தனை வருடத்தில் மாட்டிக்கொண்டதே இல்லையா?

ஐஸ் உடைந்து விழுந்ததில்லை. சேற்றுப்பனியில் மாட்டியிருக்கிறேன். கனமான பனி விழுந்தால் ஐஸ் பாரத்தில் அமுங்கும், விரிசல் வழியே தண்ணீர் மேலே வரும். பனி கம்பளி போலப் பொத்திவைப்பதால் அந்தத் தண்ணீர் உறையாது. மேலே பார்த்தால் வெள்ளை வெளேர் என்றிருக்கும். ஒரு பிப்ரவரி சாயங்காலம், குறுக்கு வழி என்று என் தடத்தை விட்டு விலகினேன். ஸ்னோமொபைல் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. இழுத்து வெளியே போட்டால் தகட்டிலும் பட்டையிலும் ஒட்டிய கூழ் அடுத்த நிமிடம் கல். கோடாலி முதுகால் தட்டித் தட்டி எடுத்து வீடு சேர நடுநிசி. குறுக்கு வழி என்ற சொல்லை அதற்குப் பிறகு மனைவி முன்னால் சொல்வதில்லை.

ஐஸில் துளை போட்டு, மீனைத் திரையில் காட்டும் சோனார் வைத்துப் பிடிப்பது மீன்பிடிப்பா, வீடியோ கேமா?

நானும் வைத்திருக்கிறேன், அதனால் பெரிதாக நியாயம் பேச முடியாது. திரையில் ஒரு கோடு அடியிலிருந்து எழும்பி இரைக்குக் கீழே வந்து நிற்கும். தங்கூஸை இரண்டு விரலில் பிடித்தபடி மூச்சைக்கூட அடக்குவேன். பிறகு அது கடிக்காமல் இறங்கிப்போகும். முன்பெல்லாம் மீனே இல்லை என்று மனதைத் தேற்றலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

பிடித்ததைத் திரும்ப விட்டுவிடலாமா, தம்பி?

ஆழம் பார்த்துத்தான், ஐயா. வால்ஐ, கிராப்பி என்ற இரண்டு மீன்களுக்கும் காற்றுப்பையிலிருந்து காற்றைச் சட்டென்று வெளியே விட வழியில்லை. 30 அடிக்குக் கீழிருந்து இழுத்தால் பை உப்பிவிடும். விட்டாலும் பிழைக்கும் என்று நம்ப முடியாது. லேக் டிரவுட் மீனுக்கு ஏப்பம் விடத் தெரியும், அது தப்பிக்கும். ஆழத்தில் வால்ஐ பிடித்தால் சமையலுக்கு வேண்டிய அளவோடு நிறுத்திவிடுங்கள். விளையாட்டாகப் பிடித்து விடுவதை நான் புண்ணியம் என்று சொல்லமாட்டேன்.

கோடையில் ஏன் எழுதுவதில்லை?

கோடையில் நாள் முழுக்கப் பேச்சு. படகில் வருபவருக்கு மீன் கடிக்காத நேரத்தில் கதை வேண்டும். நல்ல வாக்கியம் எல்லாம் அங்கேயே செலவாகிவிடும். இந்த மண்ணின் மக்கள் அனிஷினாபே. சில கதைகளைத் தரையில் பனி கிடக்கும்போது மட்டுமே சொல்வது அவர்கள் வழக்கம். அதைக் கேட்டபோது என் சோம்பலுக்கு ஒரு கௌரவமான துணை கிடைத்த மாதிரி இருந்தது. அவர்களுடையது பழைய ஒழுங்கு, என்னுடையது வெறும் சாக்கு, அது வேறு.

தனிமையாக இல்லையா?

ஜனவரியில் இல்லை. மார்ச்சில் உண்டு.

அடுத்து எப்போது வரலாம், அண்ணா?

வால்ஐ பிடிப்பது ஏப்ரல் 14-உடன் முடிந்து, மே மூன்றாவது சனிக்கிழமை மறுபடி திறக்கும். அதற்குள் ஐஸ் சாம்பல் நிறமாகி, மெழுகுவர்த்திகளை அடுக்கியது போல நிமிர்ந்து உதிரும். ஒரு பெருங்காற்று வந்தால் ஒரே நாளில் காணாமல் போகும். அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள். கையுறை கொண்டுவாருங்கள், போன தடவை போல என்னுடையதைக் கேட்காதீர்கள்.