பீரோவில் தூங்கும் லைசென்ஸ்

வாசகி கேள்வி: முலுண்டில் இருக்கிறோம். கல்யாணமாகிப் பத்து வருடம். குடியரசு தினத்தை ஒட்டி நாலு நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் காரில் பண்டார்தரா ஏரி, மலை, நாசிக் ஒயின் தோட்டங்கள் என்று சுற்றிவர என் கணவருக்கு ஆசை. ஏழு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவருக்கு 71 வயது, முழங்கால் ஆபரேஷன் ஆனவர். ஒயின் என்று சொன்னால் வீடு இரண்டாகிவிடும் என்பதால் திரியம்பகேஸ்வரர் கோயிலுக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். வண்டி முழுக்க என் கணவர்தான் ஓட்டுவார், இரண்டு கிளாஸ் உள்ளே போனாலும் நிதானம் தப்பாதவர். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் கோவையில் எடுத்தது, பீரோவில் தூங்குகிறது. பிள்ளையை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது சுயநலமா? எந்த வழியில் போனால் நல்லது?

பதில்: சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இல்லவே இல்லை, சந்தோஷமாகப் போய் வாருங்கள்" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். பத்து வருடத்தில் நாலு நாள் கணவன் மனைவி தனியாகப் போவதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது வேறொரு வரி. லைசென்ஸ் பீரோவில் தூங்குகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிட்டீர்கள்.

ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பண்டார்தராவில் ஏரிக்கரை விடுதி. ஒன்பது மணிக்குச் சாப்பாட்டோடு உங்கள் கணவர் இரண்டு கிளாஸ் ஒயின் குடிக்கிறார். பத்தரைக்கு முலுண்டிலிருந்து போன்: பையனுக்கு ஜுரம், வாந்தி நிற்கவில்லை. மாமியார் தனியாக, வலிக்கும் காலோடு. வீடு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஷேண்டி கிராமத்தில் அந்த நேரத்தில் டாக்ஸி ஆப்பைத் தட்டினால் எந்த வண்டியும் வராது. சாவி மேசை மேல் இருக்கிறது. யார் எடுப்பது?

நிதானம் தப்பாதவர் என்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு கிளாஸ் 150 மில்லி, இரண்டு கிளாஸ் 300. நம் ஊர் ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 39 மில்லி, எடையில் 31 கிராம். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் வரை ஏறும். சட்டம் அனுமதிப்பது 30. உடம்பு மணிக்குப் பதினைந்து மில்லிகிராம் சொச்சம்தான் குறைக்கும். கருப்பு காபி, குளியல், எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது. ஆக நள்ளிரவு தாண்டும்வரை அவர் சட்டப்படி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. முழுக்கத் தெளிய இன்னும் இரண்டு மணி நேரமாவது வேண்டும். நாக்கு குளறவில்லை, நடை தள்ளாடவில்லை என்பதெல்லாம் காற்று ஊதிப் பார்க்கும் கருவிக்குத் தெரியாது, வளைவில் எதிரே வரும் டிராக்டருக்கும் தெரியாது. மாட்டினால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ. இடித்துவிட்டால், குடித்து ஓட்டியதைக் காட்டி உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் தரமாட்டார்கள்.

தாயும் தகப்பனும் பிள்ளையை விட்டுப் போகலாம். இருவருமே ஒரே நேரத்தில் திரும்பி வர முடியாத நிலையில் இருக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. இரண்டு பேர் போகிற வண்டியில் ஒருவருக்குத்தான் ஓட்ட வரும் என்றால் மற்றவர் லக்கேஜ். பத்து வருடமாக நீங்கள் லக்கேஜாக உட்கார்ந்திருக்கிறீர்கள். "உனக்கெதுக்கு டென்ஷன்" என்று அவர் சொல்லியிருப்பார், உங்களுக்கும் அது வசதியாக இருந்திருக்கும். பழியை அவர் தலையில் மட்டும் போட நான் தயாராக இல்லை. கோவையில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கியது உங்கள் கை.

குடியரசு தினத்தை விடுங்கள். ஜனவரி 26 மது விற்பனை இல்லாத நாள். ஒயின் தோட்டத்துக்குப் போய் திராட்சைக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். போதாததற்கு நீண்ட விடுமுறையென்றால் பாதி மும்பை அந்த ரோட்டில்தான் நிற்கும். பிப்ரவரி இரண்டாம் வாரம், புதன் கிளம்பி சனி மாலை வீடு வரும்படி வையுங்கள். உங்களுக்கும் பயிற்சிக்கு நாள் கிடைக்கும்.

பீரோவைத் திறந்து முதலில் லைசென்ஸில் செல்லுபடித் தேதியைப் பாருங்கள். எந்த மாநிலத்தில் எடுத்திருந்தாலும் நாடு முழுக்கச் செல்லும், தேதி மட்டும் தாண்டியிருக்கக்கூடாது. அடுத்து, கணவரிடம் ஓட்டக் கற்காதீர்கள். சண்டைதான் மிஞ்சும். டிரைவிங் ஸ்கூலில் பத்து வகுப்பு, ஆசிரியர் பக்கமும் பிரேக் உள்ள வண்டியில். பிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சொந்த வண்டியில் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை, அடுத்த வாரம் நவி மும்பை பாம் பீச் ரோடு.

மலையில் முதலில் காலை வாருவது ஏற்றத்தில் நின்று கிளம்புவது. அதை மால் பேஸ்மென்ட் சரிவில், ஆள் இல்லாத காலையில் பழகுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் சத்தம் கனத்து, பானெட் லேசாகத் தூக்கும் இடம் ஒன்று வரும். அங்கேயே காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் உருள்வது பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குப் போகும் அந்த ஒரு நொடியில்தான். ஹேண்ட் பிரேக் அந்த நொடியைத் தாங்கிக்கொள்ளும். இருபது முறை செய்தால் பயம் போய்விடும்.

இறக்கம் இன்னும் முக்கியம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வண்டியைப் பிடித்துவைப்பது இன்ஜின், பிரேக் அதற்குத் துணைதான். மைலேஜ் கிடைக்கும் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்ஜினின் பிடியை இழந்து, முழு பாரத்தையும் பிரேக் மேல் போடுகிறார்கள். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் வளைந்துகொள்ளும். கிளம்பும் முன் ஓர் இரவுப் பயணமும் அவசியம், டோம்பிவிலி வரை போய்வந்தால்கூடப் போதும். எதிர் வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்தால் அதைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். இந்த இரவுப் பழக்கம்தான் அந்தப் பத்தரை மணி போனுக்கு உங்கள் கையில் இருக்கும் பதில்.

இனி வழி. முலுண்டிலிருந்து பிவண்டி தாண்டி ஆம்னேயில் மும்பை-நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையில் ஏறலாம். ஆம்னே முதல் இகத்புரி வரையிலான 76 கிலோமீட்டர் 2025 ஜூனில் திறந்தது. ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை கசாரா மலையேற்றத்தையே தவிர்த்துவிடுகிறது. இது கணவருடைய பங்கு. புதுக்கை அந்த வேகத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஏறும் முன்பே பெட்ரோலும், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றும் பார்த்துவிடுங்கள். நீண்ட நேரான சாலையில் குறைந்த காற்றோடு ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் அது வாங்கிய நாளோடு மறந்துபோனது.

இகத்புரி தாண்டி கோட்டியில் சாவி உங்கள் கைக்கு வரட்டும். அங்கிருந்து பண்டார்தரா 35 கிலோமீட்டர் போல. இருவழிச் சாலை, ஏற்ற இறக்கம், பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள். பகலில் ஓட்டுங்கள். பாரி கிராமத்தருகே தெரியும் கல்சுபாய், 1,646 மீட்டர், மகாராஷ்டிராவின் மிக உயரமான சிகரம். பிரவரா ஆற்றை மறித்து 1926-ல் முடித்த வில்சன் அணைதான் ஆர்தர் ஏரியைத் தேக்கியிருக்கிறது. படத்தில் பார்த்த குடை அருவியைத் தேடி ஏமாறாதீர்கள், அணையில் தண்ணீர் திறந்தால்தான் அது உண்டு. ரந்தா அருவியும் பிப்ரவரியில் மெலிந்துதான் இருக்கும். வியாழக்கிழமை ஏரியைச் சுற்றி ரத்தன்வாடியின் பழைய அம்ருதேஸ்வரர் கோயில் வரை நீங்களே ஓட்டிப் போய் வாருங்கள். அந்தப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

சிக்னல் என்றதும் மாமியார் விஷயத்துக்கு வந்தாக வேண்டும். நீங்கள் திரியம்பகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர், உங்கள் போன் கிடைக்காதபோது எங்கே கூப்பிடுவார்? அந்த ஊர் லாட்ஜ் ஒவ்வொன்றாகவா? பொய் சொன்னது பாவமா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். பிள்ளையை ஒருவர் பொறுப்பில் விடுகிறவர், தான் எங்கே இருப்போம் என்பதை மறைக்கக்கூடாது. விடுதியின் லேண்ட்லைன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். டாக்டர் எழுதித்தந்த ஜுர மருந்தின் அளவும் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்கூல் வேனுக்குப் பையனை இறக்கிவிட எதிர் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள், முழங்கால் ஆபரேஷன் ஆனவரை மாடிப்படி ஏறி இறங்கவைக்காதீர்கள். ஒயினை உங்கள் கணவரே அவருடைய அம்மாவிடம் சொல்லட்டும். ஆசை அவருடையதுதானே. பூகம்பம் வந்தால் வரட்டும், 71 வயதுக்காரர் உங்களைவிட அதிகம் பார்த்திருப்பார்.

வெள்ளிக்கிழமை நாசிக். 70 கிலோமீட்டர் சொச்சம், காலையில் கணவர் ஓட்டட்டும். கங்காபூர் அணைப் பக்கம் சூலா, யார்க் என்று தோட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பிப்ரவரி என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நாசிக்கில் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை வெட்டுவார்கள். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவது வெட்டுக்குப் பின் வரும் துளிரில்தான் ஒயினுக்கான காய். ஐரோப்பாவில் பழம் பறிக்கும் செப்டம்பரில் இங்கே ஈரம் தாங்காமல் பூஞ்சை பிடிக்கும், அதனால் இங்கே கொடி தன் வருடத்தையே திருப்பிக்கொண்டது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. வெயில் ஏறுமுன் பறிப்பதால் சீக்கிரம் போனால் கூடைகளைப் பார்க்கலாம். ஜூலையில் போகிறவர்களுக்குப் பச்சை இலையும் சேறும்தான்.

ருசி பார்க்க ஆறு வகை ஊற்றுவார்கள், வகைக்கு 30 மில்லி போல. வெள்ளையிலிருந்து சிவப்புக்குப் போங்கள், மாற்றிச் செய்தால் ஷிராஸ் என்ற சிவப்பின் துவர்ப்பு செனின் பிளாங்க் என்ற வெள்ளையை அமுக்கிவிடும். 180 மில்லிதானே என்பார் உங்கள் கணவர். வெறும் வயிற்றில் அதுவே அவருக்குச் சட்டம் சொல்லும் 30 மில்லிகிராமைத் தாண்டும். அவரைவிட எடை குறைந்த பெண்ணுக்கு இன்னும் அதிகமாகவே ஏறும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். அதில் துப்புவது அநாகரிகமில்லை, தொழில் தெரிந்தவர்கள் செய்வது அதைத்தான். தோட்டத்து வாசலிலேயே சாவி உங்களிடம் வந்துவிட வேண்டும், அன்றைக்கு நீங்கள் ஒரு சொட்டும் தொடக்கூடாது. உங்களுக்கும் ஆசையிருந்தால் வியாழன் ராத்திரி ஏரிக்கரையில் உங்கள் முறை. அன்று அவர் எலுமிச்சை சோடா. நாலு நாளும், எந்த நேரத்திலும், இருவரில் ஒருவர் முழுத் தெளிவோடு இருக்க வேண்டும். இதற்கு அவர் முகம் சுளித்தால், பயணத்தையே கேன்சல் செய்யுங்கள். தயங்காமல்.

சனிக்கிழமை விடியலில் திரியம்பகம், நாசிக்கிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். மாமியாரிடம் சொன்ன பாதி உண்மை முழுதாகட்டும். வரிசை நீளுமுன் தரிசனம் முடித்து கோட்டி வழியாகத் திரும்பினால் சாயங்கால டிராஃபிக்குக்கு முன் தாணே தாண்டலாம். வாங்கிய பாட்டில்களை டிக்கியில் போடாதீர்கள். மூடிய டிக்கி வெயிலில் அடுப்பாகி, ஒயின் வெந்து, கார்க் மேலே தள்ளிக்கொண்டு வரும். துண்டில் சுற்றிப் பின்சீட்டுக்குக் கீழே, ஏசி படும் இடத்தில் படுக்கவையுங்கள். திரியம்பகத்தில் குசாவர்த்தக் குளத்தில் பிடித்த தீர்த்தம் வேறு பையில் வரட்டும்.