சிறிய விமானங்களில் இறக்கை மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன?

விமானியின் தலைக்கு மேலே இறக்கை இருந்தால் அது மேல் இறக்கை விமானம். செஸ்னா 172 அப்படி. இருக்கைக்குக் கீழே இருந்தால் கீழ் இறக்கை. பைப்பர் செரோக்கி அந்த வகை.

பெட்ரோல் பெரும்பாலும் இறக்கைக்குள்தான் இருக்கும். அதனால் கார்புரேட்டர் வைத்த செஸ்னாவில், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் வருவதுபோல, அது தானாகவே என்ஜினுக்கு இறங்கும். செரோக்கியில் தரைத்தொட்டி கதைதான்: பம்பு வேண்டும். அதோடு இடது, வலது தொட்டிகளை விமானி மறக்காமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இதை முதலிலேயே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

அப்புறம் பார்வை. மேல் இறக்கையில் தரை நன்றாகத் தெரியும்; ஆனால் திரும்பும்போது, திரும்பும் பக்கத்தையே இறக்கை மறைத்துவிடும். கீழ் இறக்கை ஓடுபாதைக்கு நெருக்கமாக வருவதால், வேகம் கூடினால் இறங்காமல் மிதந்துகொண்டே போகும்.

சரி, மேல் இறக்கை விமானம் ஊஞ்சல்போலத் தொங்குவதால்தான் நிலையாகப் பறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. விமானம் சாய்ந்து பக்கவாட்டில் சறுக்கும்போது, உடலில் மோதும் காற்று மேலெழும்பித் தாழ்ந்த இறக்கையைத் தூக்கிவிடுகிறது. கீழ் இறக்கையில் இந்த உதவி கிடைக்காது என்பதால்தான் செரோக்கியின் இறக்கைகளை சுமார் 7 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். செஸ்னா 172-க்கு 2 டிகிரிக்கும் குறைவே போதும்.