காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயின் வழியில் இருக்கும் ஒரு உலோகப் பெட்டி. உள்ளே நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் சூடாக இதன் வழியே போகும்போது பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜனாக மாறிவிடும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு 1995 முதலே இது கட்டாயம்.

கழற்றச் சொல்பவர்கள் காட்டும் காரணம்: அடைத்துக்கொண்டது, வண்டி இழுக்கவில்லை. சரி, ஏன் அடைத்தது? பெரும்பாலும் பிளக் ஒழுங்காகப் பொறி விடாமல், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து பீங்கானை உருக்கியிருக்கும். அல்லது இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. அதைக் கவனிக்காமல் கன்வெர்ட்டரை எடுப்பது, ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று நேராகக் கம்பி கட்டுவது மாதிரி. அப்புறம் புகையில் ஆக்சிஜன் அளவைக் கவனிக்கும் ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுத்து இன்ஜின் விளக்கு எரியும், புகைச் சான்றிதழும் சிக்கலாகும். (பழைய பெட்டிக்கு நல்ல விலை உண்டு. இலவசமாகவே கழற்றித் தருகிறேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.)

எடுத்தால் மைலேஜ் கூடும் என்பார்கள். அடைபடாத கன்வெர்ட்டரை எடுத்தால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான்.